கொழும்பில் தோசை: சைவக்கடையா, இந்திய உணவகமா?

போன மாதம் சென்னையிலிருந்து சித்தி வந்திருந்தார். அடுத்தடுத்து இரண்டு நாள் தோசை சாப்பிடப் போனோம். முதல் நாள், வெள்ளவத்தையில் நான் சின்ன வயதிலிருந்து போகும் சைவக்கடை. மறுநாள், இந்தியச் சமையற்காரரை வைத்து நடத்தும் ஏசி உணவகம். எது திறம் என்ற வாக்குவாதம் எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை.

மொறுமொறுப்பில் இந்திய உணவகத்தை அடிக்க முடியாது. அரிசி கூட, உளுந்து குறைவு, கொஞ்சம் வெந்தயம். கல்லில் மெல்லிசாக இழுத்து, பொன்னிறம் வந்ததும் சுருட்டிக் கொண்டுவருகிறார்கள். நெய் ரோஸ்ட் ஆசை என்றால் யோசிக்காமல் அங்கேயே போங்கள்.

சைவக்கடைத் தோசை வேறு சாதி. சின்னது, தடிப்பு, நடுவில் மெத்தென்று இருக்கும். யாழ்ப்பாணத்து வீடுகளில் மாவில் மஞ்சள் சேர்த்து, வெங்காயம், செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை எல்லாம் தாளித்துக் கொட்டுவார்கள். கோதுமை மாவு கலப்பதும் உண்டு. கடையில் அவ்வளவு மினக்கெடுவதில்லை, ஆனாலும் அந்தக் கைப்பக்குவம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு குறை: கொழும்பு வெக்கையில் மாவு சீக்கிரம் பொங்கிவிடும். இரவு எட்டு மணித் தோசையில் புளிப்பு தூக்கலாக இருக்கும். காலையில் போவதுதான் நல்லது.

எனக்கு முடிவு சொல்வது தோசை இல்லை, சம்பல். செத்தல் மிளகாய், தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், புளி, உப்பு. அவ்வளவுதான். தண்ணீர் அதிகம் விடாமல் கொரகொரப்பாக அரைப்பதால் தேங்காய் பல்லில் கடிபடும். உறைப்பு பிறகுதான் மெல்ல ஏறும். இந்திய உணவகத்துச் சட்னியில் பொட்டுக்கடலை சேர்கிறது. வழவழப்பாக, சாதுவாக இருக்கிறது. அன்று நான் சம்பல் கேட்டேன். இல்லை என்றார்கள். தேங்காயும் மிளகாயும் இவ்வளவு கிடைக்கும் ஊரில் கடை வைத்துவிட்டுச் சம்பல் இல்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். சைவக்கடையிலோ வாளியோடு வந்த தம்பி, "அன்ரி, இன்னும் கொஞ்சம் விடவோ?" என்று கேட்டு, பதில் வருமுன்பே சித்தியின் தட்டில் சாம்பாரை ஊற்றிவிட்டார்.

வடையிலும் இதே கதைதான். சைவக்கடையில் வடைத் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள், தின்றதற்கு மட்டும் காசு. 2020 இல் உளுந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது விலை தாறுமாறாக ஏறியது. அந்த நாட்களில் என் கடையில் உளுந்து வடை வராத காலைகள் இருந்தன. கடலைப் பருப்பு வடையை வைத்துச் சமாளித்தார்கள். காலிமுகத்திடலுக்குப் போனால் பருப்பு வடையின் முதுகில் இறாலே ஏறி உட்கார்ந்திருக்கும். அதைச் சைவக்கடைக் கணக்கில் சேர்க்க முடியாது, ஆனால் கடற்காற்றில் சுடச்சுடத் தின்ன அதைவிட நல்லது இல்லை.

புரியாணி பற்றி ஒரு வரி. தால்ச்சாவும் கத்தரிக்காயும் தேடினால் இந்திய உணவகம். அவித்த முட்டை, பொரித்த கோழி, புதினாச் சம்பல், அச்சாறு என்றால் கொழும்பு முஸ்லிம் கடை. நான் இரண்டாவது பக்கம்.

அப்புறம், சித்தி என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். தோசைக்கு அவர் ஓட்டு அந்த இந்திய உணவகத்துக்குத்தான். ஆனால் புறப்படும் நாள் காலையில் என்னைச் சைவக்கடைக்கு அனுப்பி, சம்பல் மட்டும் இரண்டு பார்சல் கட்டி வாங்கிவரச் சொன்னார்.