மூன்று கம்பமா, சதுரச் சட்டமா: வீட்டில் கட்டும் முப்பரிமாண அச்சு இயந்திரம்

முப்பரிமாண அச்சு இயந்திரம் ஒன்றை வீட்டிலேயே கட்டுவது என்று நானும் நண்பனும் முடிவு செய்தபோது எங்கள் முன் இரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்று, செக் நாட்டு யோசெப் பிரூசாவின் ஐ3. மற்றொன்று, அமெரிக்காவின் சியாட்டிலில் யோஹான் ரொக்கோல் வடிவமைத்த கோசல் என்ற டெல்டா. இரண்டும் 2012இல் வந்தவை. இரண்டின் வரைபடங்களும் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கட்டலாம் என்று பொதுவில் வைக்கப்பட்டவை. நாங்கள் டெல்டாவைக் கட்டினோம். மறுபடி தொடங்கினாலும் அதையே கட்டுவேன். ஆனால் எல்லோருக்கும் அதைச் சொல்ல மாட்டேன்.

ஐ3 இயங்குவதைச் சற்று நேரம் பார்த்தாலே புரிந்துவிடும். உருகிய பிளாஸ்டிக் இழையை வெளியேற்றும் முனையான நாசில் இடவலமாக ஓடுகிறது, அச்சுத்தளம் முன்னும் பின்னும் போகிறது, இரண்டு திருகு கம்பிகள் நாசிலை மேலே தூக்குகின்றன. டெல்டாவில் தளம் அசையாது. முக்கோணமாக நிற்கும் 3 கம்பங்களிலும் ஆளுக்கொரு வண்டி ஏறி இறங்கும். வண்டிக்கு இரண்டு கைகளாக மொத்தம் 6 கைகள், நாசிலைச் சுமக்கும் சிறு தட்டை நடுவில் தாங்கிப் பிடிக்கின்றன. நாசில் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்வதற்கே மூன்று மோட்டார்களும் ஒத்துழைக்க வேண்டும். ஒவ்வொரு வண்டியும் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பிதாகரஸ் தேற்றப்படி வர்க்கமூலம் எடுத்து, இயந்திரத்தை இயக்கும் மார்லின் மென்பொருள் கணக்கிடுகிறது, எங்கள் அமைப்பில் நொடிக்கு 200 முறை. அந்த மென்பொருள் ஓடிய 16 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுயினோ மெகா மின்சுற்றுப் பலகை, அச்சிடும் வேகத்தைக் கூட்டியதும் திணறியது. இன்னும் விரைவாகக் கணக்கிடும் 32 பிட் பலகைக்கு மாறினோம். ஐ3க்கு அந்தச் செலவு கட்டாயமில்லை.

செலவைவிடப் பெரிய வேறுபாடு, பிழை எப்படி வெளிப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஐ3இல் ஒரு திசையின் பெல்ட் தளர்ந்தால் அந்தத் திசையில்தான் கோளாறு தெரியும். சட்டம் கோணலாக இருந்தால் மூலைமட்டம் வைத்த உடனே பிடிபடும். டெல்டாவில் எங்கே தவறு நடந்தாலும் அது எல்லா இடத்திலும் பரவித் தெரியும். கம்பங்களுக்கும் மையத்துக்குமான தூரத்தை மென்பொருளில் சற்றுத் தவறாகக் கொடுத்தால், நாசில் சமதளத்தில் ஓடாமல் கிண்ணத்தின் உட்புறத்தைத் தடவுவதுபோல் ஓடும்: இடைவெளி பார்க்கத் தளத்தில் வைத்த காகிதத்தை நடுவில் உரசும், ஓரத்தில் உயர்ந்து நிற்கும். தளம்தான் வளைந்திருக்கிறது என்று நினைத்துத் தளத்தின் கண்ணாடியை மாற்றுபவர்கள் உண்டு. நாங்களும் மாற்றினோம்.

எங்களை உண்மையில் வாட்டியது கைகளின் நீளம். கார்பன் குழாய்களை அறுத்து, இரு முனைகளிலும் பந்து மூட்டுகளை எபாக்சி பசையால் ஒட்டினோம். ஒவ்வொன்றையும் வெர்னியர் அளவுகோலில் அளந்துதான் ஒட்டினோம். ஆனாலும் அச்சான பொருளின் ஒரு பக்கத்தில் மட்டும் வரிவரியாகத் தடிப்பு. தளம், சுவிட்சு, கம்பம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு இரண்டு வார இறுதிகள் போயின. கடைசியில் ஒரு பலகையில் இரண்டு போல்ட்டுகளை இறுக்கி, ஆறு கைகளையும் அவற்றில் மாட்டிப் பார்த்தோம். ஐந்து பொருந்தின, ஒன்று பொருந்தவில்லை. அந்தக் கை அரை மில்லிமீட்டர்கூட அதிகமில்லை. நாசில் தட்டு சாய்வதற்கு அதுவே போதுமாக இருந்தது.

போல்ட்டு இறுக்கிய அதே பலகையை ஜிக்காக, அதாவது நீளம் மாறாமல் பிடித்துக்கொள்ளும் அச்சாக வைத்து ஆறையும் புதிதாக ஒட்டினோம். டெல்டா கட்டுபவர் முதலில் செய்ய வேண்டிய வேலை இது. கையின் நீளம் வரைபடத்தில் சொன்னபடி இருக்க வேண்டியதில்லை, ஆறும் சமமாக இருந்தால் போதும். 100 மி.மீ. பட்டை ஒன்றை அச்சிட்டு அளந்து, வித்தியாசத்துக்கு ஏற்ப நீளத்தை மென்பொருளில் திருத்திக்கொள்ளலாம். ஒரே வண்டியின் இரு கைகள் சமமில்லாவிட்டால் அதை எந்த எண்ணாலும் திருத்த முடியாது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பலன் உண்டா? உண்டு. டெல்டா அமைப்பை 1980களில் சுவிட்சர்லாந்தின் ரேமோன் கிளாவெல் உருவாக்கியதே எடை குறைந்த பொருள்களை விரைவாக எடுத்து வைப்பதற்காகத்தான். எங்கள் டெல்டாவிலும் இழையைத் தள்ளும் மோட்டார் சட்டத்திலேயே தங்கிவிடுவதால் நகரும் பாகம் மிக இலேசானது. உயரமான மெல்லிய பொருளை ஐ3இல் அச்சிடும்போது தளத்தோடு சேர்ந்து அதுவும் ஆடும். எங்கள் இயந்திரத்தில் அப்படியே நிற்கிறது. ஆனால் 600 மி.மீ. கம்பத்தில் அச்சிடக் கிடைத்த உயரம் சுமார் 240 மி.மீ.தான், மீதியைக் கைகளும் சட்டமும் எடுத்துக்கொண்டன. ரப்பர்போல் வளையும் டிபியு இழையிலோ ஐ3க்குத்தான் வெற்றி. டெல்டாவில் மோட்டாரிலிருந்து நாசில் வரை நீண்ட டெஃப்லான் குழாய் வழியாக அந்த இழையைத் தள்ளுவது ஈரக் கயிற்றைத் தள்ளுவது போன்றது.

தனியாகக் கட்டுகிறீர்கள், அடுத்த மாதமே பொருள்கள் கைக்கு வர வேண்டும் என்றால் ஐ3ஐக் கட்டுங்கள். கூட ஒருவர் இருந்தால் டெல்டாவைத் தயங்காமல் எடுக்கலாம். மூன்று கம்பங்களும் ஒரே மாதிரி என்பதால் வேலையைப் பங்கிடுவது எளிது. அளவு சரிபார்க்கும்போது ஒருவர் நாசிலுக்கடியில் காகிதத்தை இழுத்துப் பார்க்க, மற்றவர் எண்களை மாற்றலாம். தடிப்பு விழுந்த அந்த வாரங்களில் நண்பன் இல்லாதிருந்தால் நான் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடியிருப்பேன்.

நண்பனுக்கு டிபியு இழையில் வேலை இருக்கிறது. அதனால் அவன் தன் வீட்டுக்கு ஒரு ஐ3 கட்டத் தொடங்கியிருக்கிறான். அதற்கான பிளாஸ்டிக் பாகங்கள் இப்போது எங்கள் டெல்டாவில் அச்சாகிக்கொண்டிருக்கின்றன.