மலைப்பயணத்துக்குக் கேரவானா, போனும் ஸ்பீக்கருமா?

குடும்பத்தோடு கொடைக்கானல் போகப் பாட்டுக்கு எதை வாங்குவது என்று தம்பி கேட்டான். 2017இல் வந்த, பழைய பாட்டுகளை உள்ளேயே வைத்திருக்கும் ரேடியோ போன்ற சரிகம கேரவானா, போனோடு சேரும் புளூடூத் ஸ்பீக்கரா? இரண்டையும் ஒரே காரில் ஏற்றிப் பார்த்துவிட்டேன்.

விலை: கேரவான் சுமார் 6,000 ரூபாய். சின்ன ஸ்பீக்கர் 1,500க்கே கிடைக்கிறது.

சிக்னல்: இங்கேதான் கதை மாறியது. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும், சரணத்தின் நடுவே போனில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கேரவானுக்குள்ளேயே 5,000 பாடல்கள் இருப்பதால் அதற்கு அந்தக் கவலையே இல்லை. போனிலும் முதல் நாளே பாட்டை இறக்கி வைத்திருக்கலாம், யார் செய்கிறார்கள்?

கையாளுவது: அம்மா கண்ணாடி போடாமலே குமிழைத் திருகிப் பாடகரை மாற்றினார். போன் என்றால், "இதைக் கொஞ்சம் போட்டுக் கொடு" என்று பின்சீட்டிலிருந்து கை நீளும்.

பாட்டு: பழையதுக்குக் கேரவான், போன வாரம் வந்ததுக்குப் போன். கேரவானிலும் புளூடூத் உண்டு என்பதைப் பிள்ளைகள் அரை மணியில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் கேரவான் வாங்கலாம். இளையவர்கள் மட்டும் என்றால் ஸ்பீக்கர் போதும், பாட்டை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு கிளம்பினால்.