லோன் உல்ஃப் அண்ட் கப் ஆம்னிபஸ், முதல் தொகுதி: எழுதியவருக்காகவே வாங்கலாம்

அமெரிக்கப் பதிப்பகமான டார்க் ஹார்ஸ் ஆங்கிலத்தில் வெளியிட்டிருக்கும் ‘லோன் உல்ஃப் அண்ட் கப்’ என்ற மாங்காவின் (ஜப்பானியப் படக்கதை) ஆம்னிபஸ், அதாவது பல தொகுதிகளைச் சேர்த்த பதிப்பின், முதல் தொகுதியை இரண்டாம் முறையாகப் படித்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். ஏறக்குறைய 700 பக்கம். முதல் தடவை படித்தபோது படங்களை மட்டும்தான் பார்த்தேன், கோசெகி கொஜிமாவின் தூரிகைக் கோடுகளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இந்த முறை வேண்டுமென்றே எழுதியவரைத் தேடிப் படித்தேன், கஸுவோ கொய்கேயை. கதை மட்டும் எழுதுகிற ஒருவருக்கு மாங்காவில் அப்படி என்னதான் வேலை என்று யாராவது கேட்டால், பதில் பேசிக்கொண்டிருக்காமல் இந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடலாம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. எடோ காலத்து ஜப்பான் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை). நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் ஆணைப்படி வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக வேண்டிய பிரபுக்களுக்குப் பின்னால் நின்று, கடைசி நொடியில் தலையை வெட்டி வேதனையை முடித்து வைக்கும் பதவியில் இருக்கிறான் ஓகாமி இட்டோ. அந்தப் பதவியின் மேல் கண் வைத்த யாக்யூ குலத்தார் அவன் மேல் ராஜத்துரோகப் பழியைச் சுமத்துகிறார்கள், மனைவி கொல்லப்படுகிறாள். இட்டோ தன் சின்னஞ்சிறு மகன் டாய்கோரோவை மரத்தாலான தள்ளுவண்டியில் உட்கார வைத்துக்கொண்டு, ஆளுக்கு 500 ரியோ (அந்தக் காலத்துத் தங்கக் காசு) வாங்கிக்கொண்டு கொலை செய்யும் கூலியாளாக ஊர் ஊராக நடக்கிறான். பழிவாங்கும் கதைதான், ஆனால் பழி வாங்குவது மட்டும் அல்ல என்பது போகப் போகத் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், நான் மேலே சொன்ன முன்கதை எதுவும் புத்தகத்தின் தொடக்கத்தில் வராது என்பதுதான். முதல் பக்கத்திலேயே அவன் வழியில் நடந்துகொண்டிருக்கிறான், வண்டியில் குழந்தை, ‘மகன் வாடகைக்கு, வாள் வாடகைக்கு’ என்று ஒரு விளம்பரப் பதாகை. யார் இவன், ஏன் கொல்கிறான், பிள்ளையை ஏன் கூட்டிக்கொண்டு அலைகிறான் என்று எந்த விளக்கமும் இல்லை. எட்டு அத்தியாயம் கடந்து, ஒன்பதாவதில்தான் கொய்கே வாயைத் திறக்கிறார். சாதாரணமாக ஒரு வாரத் தொடர் எழுதுகிறவர் இப்படிக் காத்திருக்கத் துணிய மாட்டார், ஏனென்றால் வாசகருக்கு நாயகன் மேல் உடனே பிடிப்பு வர வேண்டும், முதல் வாரமே அவன் கஷ்டத்தைக் கொட்டிவிடு என்றுதான் எவரும் சொல்வார்கள்.

அந்த ஒன்பதாவது அத்தியாயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். மனைவி போய்விட்டாள், வீடு போய்விட்டது. தரையில் ஒரு பக்கம் வாள், ஒரு பக்கம் நூல் சுற்றிய பந்து. நடுவில் இன்னும் தவழும் வயசுக் குழந்தை. வாளைத் தொட்டால் என்னோடு நரகப் பாதையில் வா, பந்தைத் தொட்டால் உன்னை உன் அம்மாவிடம் அனுப்பி வைக்கிறேன் என்கிறான் தகப்பன். குழந்தைக்கு ஒரு சொல் புரியாது. பந்தைப் பார்க்கிறது, வாளைப் பார்க்கிறது. கட்டத்துக்குக் கட்டம் கொஜிமா அந்தப் பிஞ்சுக் கையையும் தகப்பனின் முகத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார், பேச்சு ஏறக்குறைய இல்லை. குழந்தை எதைத் தொட்டது என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும், எட்டு அத்தியாயமாக அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவன் அவன்தானே. அப்படியிருந்தும் எனக்கு அங்கே மூச்சு நின்றது. இதுவே முதல் அத்தியாயமாக இருந்திருந்தால் ‘எதை எடுக்குமோ’ என்ற பதைப்பு மட்டும் வந்திருக்கும். ஒன்பதாவதாக வந்ததால் அந்தப் பதைப்புக்கு வேலையே இல்லை, அந்தப் பிள்ளை இதுவரை பார்த்த ஒவ்வொரு பிணமும் நினைவுக்கு வருகிறது, ஐயோ பந்தை எடுத்திருக்கலாமே என்றுகூட ஒரு கணம் தோன்றிவிடுகிறது. ஒரு குழந்தை செத்திருக்கலாமே என்று வாசகனை நினைக்க வைத்து, உடனே அந்த நினைப்புக்காக வெட்கப்பட வைப்பது எவ்வளவு பெரிய வேலை! படத்தை வரைந்தது கொஜிமா, அந்தப் படத்தை எந்த இடத்தில் வைத்தால் நம் நெஞ்சில் இறங்கும் என்று முடிவு செய்தது கொய்கே.

இந்தப் பிடிமானம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அவருடைய தொழில் வாழ்க்கையே பதில் சொல்கிறது. 1936இல் அகிதா மாகாணத்தில் பிறந்தவர். சூவோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர், மாங்காவுக்கு வந்தது கொஞ்சம் சுற்று வழியாகத்தான். 1960களின் கடைசியில் மாங்கா ஓவியர் தகாவோ சைட்டோவின் நிறுவனத்தில் சேர்ந்து ‘கோல்கோ 13’ தொடருக்காக வேலை பார்த்தார். சைட்டோவின் இடத்தில் கதைக்கு ஒருவர், பின்னணி வரைய ஒருவர், ஆயுதங்கள் வரைய ஒருவர் என்று சினிமா யூனிட் மாதிரி வேலையைப் பிரித்துக்கொண்டு செய்வார்கள். எழுத்தாளன் என்பவன் தனி ஆள் என்ற நிலை அங்கேதான் அவருக்கு உறுதிப்பட்டது என்று நினைக்கிறேன், தான் எழுதுவதை இன்னொரு கை வரையப் போகிறது என்று தெரிந்தே எழுதுவது அங்கே பழகிப்போயிருக்கும். அதோடு, அதிகம் பேசாத ஒரு கூலிக் கொலையாளியை வைத்துக் கதை நடத்தும் வித்தையும் ‘கோல்கோ 13’இலேயே இருக்கிறது.

அங்கிருந்து வெளியே வந்து 1970இல் வாரப் பத்திரிகையான ‘மாங்கா ஆக்‌ஷ’னில் இந்தத் தொடரைத் தொடங்கினார்கள், ஜப்பானில் இதன் பெயர் ‘கோஸுரே ஓகாமி’. 1976 வரை ஓடியது, மொத்தம் 28 தொகுதி, 8,000 பக்கத்துக்கு மேல். கொஜிமாவும் லேசுப்பட்டவர் அல்ல. மாங்காவின் பிதாமகர் என்று போற்றப்படும் ஒசாமு தெஸுகா பிறந்த அதே நாளில், 1928 நவம்பர் 3இல் பிறந்தவர், இளமையில் சினிமா விளம்பரப் படங்கள் வரைந்து பிழைத்தவர். மழை, நாணல், பனி, ஆற்றங்கரை இவற்றையெல்லாம் அவர் தூரிகையால் இழுத்திருக்கும் விதத்தில் அந்தப் பழக்கம் தெரிகிறது. அப்படிப்பட்ட ஓவியர் கிடைத்தால் எழுத்தாளர் வசனத்தைக் குறைக்க வேண்டும், கொய்கே குறைத்தார். இரண்டு பேர் புல்வெளியில் எதிரெதிரே நிற்கிறார்கள், காற்று, ஒரே வீச்சு, அமைதி, பக்கம் பக்கமாக ஒரு சொல் கிடையாது. எழுதுகிறவருக்குச் சொல்லை விடுவதுதான் கஷ்டம் என்று எழுதிப் பார்த்த எவருக்கும் தெரியும்.

அந்த ஆறு வருஷத்தில் இது ஒன்றை மட்டும் எழுதினார் என்று நினைத்துவிட வேண்டாம். 1972இலேயே இதே கொஜிமாவோடு ‘சாமுராய் எக்ஸிக்யூஷனர்’ தொடங்கிவிட்டது, அதே வருஷம் கஸுவோ காமிமுராவின் ஓவியத்தில் ‘லேடி ஸ்னோபிளட்’டும் தொடங்கியது. டோமிசாபுரோ வாகாயாமா நடித்து 1972 முதல் 1974 வரை வந்த ஆறு ‘லோன் உல்ஃப்’ திரைப்படங்களில் ஐந்துக்குத் திரைக்கதையும் இவர்தான். ‘லேடி ஸ்னோபிளட்’ 1973இல் மெய்கோ காஜி நடித்துப் படமாக வந்தது, ‘கில் பில்’ படத்துக்கு அது எவ்வளவு கொடுத்தது என்று சினிமா பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் ரியோய்ச்சி இகேகாமியோடு ‘கிரையிங் ஃப்ரீமேன்’. ஓவியர் மாறும்போது கொய்கேயின் எழுத்தும் மாறுகிறது, காமிமுராவுக்கு எழுதும்போது ஒரு குளிர்ச்சி, இகேகாமிக்கு எழுதும்போது பளபளப்பு. எனக்குப் பிடித்தது கொஜிமாவுக்கு எழுதிய கொய்கேதான், அதில் மாற்றமில்லை.

அப்புறம் 1977இல் ‘கெகிகா சொன்ஜுகு’ என்ற பெயரில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். கெகிகா என்றால் பெரியவர்களுக்கான மாங்கா, சொன்ஜுகு என்றால் கிராமத்துப் பள்ளி, நம்மூர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே படித்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது: ருமிகோ தகாஹாஷி, ‘ஃபிஸ்ட் ஆஃப் தி நார்த் ஸ்டார்’ வரைந்த டெட்சுவோ ஹாரா, ‘பாகி’யின் கெய்சுகே இதாகாகி, ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டை உருவாக்கிய யூஜி ஹோரி. இவர்களில் ஒருவருடைய வேலைகூட கொய்கேயின் வேலையைப் போல இருக்காது, தகாஹாஷியின் சிரிப்பும் கலாட்டாவும் எங்கே, இட்டோவின் மௌனம் எங்கே! தன்னைப் போல எழுதச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான், முதலில் பாத்திரம் எழுந்து நிற்க வேண்டும், பாத்திரம் நின்றுவிட்டால் கதை தானாக அதன் பின்னால் வரும். டாய்கோரோவைப் பாருங்கள், இந்தத் தொகுதி முழுக்க அவன் பேசும் சொற்களை எண்ணிவிடலாம், ஆனாலும் கண்ணை மூடினால் அந்தக் குடுமியும் அகன்ற கண்களும்தான் முதலில் வருகின்றன.

சரி, புத்தகமாக இது எப்படி? பழைய 28 தொகுதிகளை 12 தடித்த தொகுதிகளாகச் சேர்த்து 2013இலிருந்து வெளியிட்டார்கள். முன்பு வந்தவை உள்ளங்கையில் அடங்கும் அளவு, எழுத்தைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும், அதைவிட இது பெரிது, பெரிய நிம்மதி. ஆனாலும் கொஜிமாவின் இரட்டைப் பக்கப் படங்களுக்கு இந்த அளவும் போதாது. தடிமன் காரணமாகப் பக்கம் முழுதாக விரியாது, நடுமடிப்பில் படத்தின் உயிரான இடம் போய் ஒளிந்துகொள்கிறது. முதுகு உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து பாதி திறந்து வைத்தே பல பக்கங்களைப் பார்த்தேன். என் பிரதி ஓர் இணையக் கடையிலிருந்து அட்டை மூலை மடங்கி வந்தது, மாற்றிக் கேட்டதற்குப் பதிலே இல்லை, எனவே நேரில் பார்த்து வாங்க வழியிருந்தால் அப்படியே வாங்குங்கள். மின்பதிப்பும் உண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க அது வசதி.

இன்னொரு குறை. ஜப்பானிய முறையில் வலமிருந்து இடமாகப் போகாமல் நாம் பழகிய இடமிருந்து வலமாகப் படிக்கும்படி பக்கங்களைத் திருப்பியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு எளிதுதான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடியில் தெரிவது போலப் படத்தைத் திருப்பினால் வலக்கை வாள்வீரன் இடக்கைக்காரன் ஆகிவிடுவான், கிமோனோவின் மடிப்பு மாறிவிடும். உயிரோடு இருப்பவர்கள் இடப்பக்கத்து மடிப்பை மேலே வைத்துக் கட்டுவார்கள், வலப்பக்கத்தை மேலே வைத்துக் கட்டுவது பிணத்துக்கு. உடையிலும் வாளிலும் இவ்வளவு அக்கறை காட்டிய இரண்டு பேரின் வேலைக்கு இந்தத் திருப்பல் நியாயமில்லை. அசல் திசையிலேயே ஒரு பதிப்பு வர வேண்டும் என்பது என் மனதார்ந்த ஆசை.

டானா லூயிஸின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பற்றி நல்லதுதான் சொல்ல வேண்டும். ரோனின் (தலைவன் இல்லாத சாமுராய்), ரியோ, ரி (தூர அளவு) போன்ற சொற்களை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் அருஞ்சொற்பொருள் கொடுத்திருக்கிறார்கள். முதல் 50 பக்கத்துக்கு அடிக்கடி பின்னால் புரட்ட வேண்டியிருக்கும், அதற்குப் பிறகு அந்த உலகத்தின் பேச்சு காதில் ஏறிவிடும்.

படிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இது குழந்தைகளுக்கான புத்தகம் அல்ல, வண்டியில் குழந்தை இருக்கிறது என்பதற்காக வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். ரத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், பெண்கள் மேல் நடக்கும் வன்முறையைக் கொய்கே அடிக்கடி கதையை நகர்த்தும் சாதனமாகப் பயன்படுத்துகிறார், இது அவருடைய பிற்காலத் தொடர்களில் இன்னும் அதிகம். காலம் அப்படி என்று சொல்லி நான் கடந்து போக மாட்டேன், சில இடங்களில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மறுநாள்தான் எடுத்தேன். அதோடு, மொத்தமாக உட்கார்ந்து படித்தால் ‘வாடிக்கையாளர் வருகிறார், பணம் கொடுக்கிறார், கொலை நடக்கிறது’ என்ற அச்சு கண்ணில் படத் தொடங்கும். வாரம் ஒன்றாக வந்த கதைகள் இவை, ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு அத்தியாயம் போதும்.

கொஜிமா 2000 ஜனவரியில் காலமானார். 2004இல் இருவரும் அமெரிக்காவின் படக்கதை விருதான ஐஸ்னர் விருதின் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது கொய்கே மட்டும்தான் இருந்தார். ஹிடெகி மோரியை ஓவியராக வைத்துக் கதையின் தொடர்ச்சியை 2003இல் எழுதத் தொடங்கினார், மோரி திறமைசாலிதான், ஆனால் அங்கே கொய்கே அதிகம் பேசுகிறார் என்று எனக்குப் பட்டது. கொய்கே 2019 ஏப்ரல் 17இல், 82 வயதில் போய்ச் சேர்ந்தார். அதே ‘மாங்கா ஆக்‌ஷ’னில் ‘லூபின்’ வரைந்த மங்கி பஞ்ச் இறந்தது அதற்கு ஆறு நாள் முன்பு. அந்தப் பத்திரிகையைத் தூக்கி நிறுத்திய இரண்டு தூண்கள் ஒரே வாரத்தில் சாய்ந்தன, செய்தியைப் பார்த்த அன்று வேறு எதுவும் படிக்கத் தோன்றவில்லை.

இரண்டாம் தொகுதியும் கையில் இருக்கிறது, இன்று இரவு தொடங்குகிறேன். முதல் தொகுதி வாங்குகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: படம் பார்க்கும் ஆசையில் முன்னும் பின்னும் புரட்டாதீர்கள், அந்த ஒன்பதாவது அத்தியாயம் தன் முறை வந்து சேரும்வரை பொறுத்திருங்கள்.