சீன மாணவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு இருமொழி அகராதி: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதியின் ஆங்கிலம்-சீனம் பதிப்பு பல வருடமாக என் மேசையில் கிடக்கிறது. தமிழ் வாசகருக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். சிங்கப்பூரில் மாலை நேரங்களில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் சீனாவிலிருந்து வேலைக்கு வந்த பெரியவர்களுக்கு. இதே வேலையில் இருக்கும் தமிழர்களுக்கும், சீனம் பேசும் சக ஊழியர்களோடு ஆங்கில மின்னஞ்சலில் மல்லுக்கட்டுபவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் சீனம் கடைத்தெருச் சீனம். ஆனாலும் இந்த அகராதியைப் புரட்டிப் புரட்டியே எழுத்துகளை ஓரளவு படிக்கப் பழகிவிட்டேன்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஆனால் அதிலிருக்கும் சீனத்துக்காக வாங்காதீர்கள். சீனத்தைச் சுற்றி இருப்பவைதான் காசுக்கு மதிப்பு.

இந்த வகை அகராதியைச் சீனத்தில் 'ஷுவாங்ஜியே' என்பார்கள், இரட்டை விளக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் ஆங்கிலத்திலேயே எளிய விளக்கம், அடுத்து அதற்குரிய சீனச் சொல், அப்புறம் உதாரண வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் சீன மொழிபெயர்ப்பு. ஆங்கில விளக்கங்கள் ஏறக்குறைய 3000 சொற்களுக்குள் அடங்கிவிடும். ஆக, இடைநிலை மாணவர் ஒருவர் மனது வைத்தால் சீனத்தைத் தொடாமலே படித்துவிட முடியும். மனது வைக்க மாட்டார்கள் என்பது வேறு கதை.

அவர்கள் ஆங்கிலம் கற்ற விதம் அப்படி. சீனாவில் சொல் மனப்பாடம் ஒரு தனிக் கலை, அதற்கு 'பெய் தான்சி' என்று பெயரே உண்டு. பல்கலைக்கழகத்துக்குப் போக எழுதும் காவ்காவ் தேர்வில் பெரும்பாலான மாகாணங்களில் ஆங்கிலத்துக்கு மட்டும் 150 மதிப்பெண். கல்லூரியில் சேர்ந்த பிறகு 1987 முதல் நடந்துவரும் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வு காத்திருக்கும். இரண்டுக்கும் அகர வரிசையில் சொல்பட்டியல் புத்தகங்கள் கிடைக்கும்: இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் இரண்டு மூன்று சீனச் சொற்கள், முடிந்தது. பட்டியலின் முன்பக்கத்திலேயே 'அபாண்டன்' வந்துவிடும், கைவிடு என்று அர்த்தம். அந்தச் சொல்லோடு படிப்பையே கைவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது சீன மாணவர்கள் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ளும் பழைய ஜோக். இப்படிப் பல ஆயிரம் சொற்களைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்தவர், கடையில் பேனா இரவல் கேட்க வாய் திறந்தால் 'கேன் யூ பாரோ மீ எ பென்' என்பார்.

இதில் அவர் மேல் தப்பு இல்லை. சீனத்தில் 'ஜியே' என்ற ஒரே வினைச்சொல்தான் கடன் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும். யார் யாரிடம் என்பதை வாக்கியத்தின் மற்ற சொற்கள் காட்டிவிடும். பட்டியலில் 'பாரோ'வுக்கும் 'லெண்ட்'டுக்கும் நேரே அதே எழுத்து வந்து நிற்கும்போது அவர் என்ன செய்வார்? நமக்குக் கடன் வாங்கு, கடன் கொடு என்று வினை தனித்தனியாக இருப்பதால் இந்த இடத்தில் தடுக்குவதில்லை. 'கான்' என்ற சொல்லும் இதே கதைதான். படம் பார்ப்பது, நண்பரைப் போய்ப் பார்ப்பது, புத்தகம் படிப்பது எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் 'ஐ லுக் எ புக்' என்று பதில் வரும்.

இங்கேதான் இந்த அகராதி மற்றவற்றிலிருந்து விலகுகிறது. 'பாரோ'வைத் திறந்தால் சீனச் சொல்லுக்கு முன்பே சிறிய எழுத்தில் ஒரு சட்டகம் இருக்கும்: ஒரு பொருளை, 'ஃப்ரம்' போட்டு, ஒருவரிடமிருந்து. 'லெண்ட்'டில் அந்தச் சட்டகம் 'டு' என்று மாறும். என் வகுப்பில் இதற்கென ஒரு விதி வைத்திருக்கிறேன். சீன வரியை விரலால் மறைத்துக்கொண்டு முதலில் சட்டகத்தைப் படிக்க வேண்டும், அடுத்து ஒரு உதாரணத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும், விரலை எடுப்பது கடைசியில்தான். ஆரம்பத்தில் முணுமுணுப்பார்கள். "லாவ்ஷி (ஆசிரியரே), அர்த்தம் தெரியாம எப்படிப் படிக்கறது?" என்று கேட்ட பெண்மணிதான் இப்போது புதிதாக வருகிறவர்களின் விரலைப் பிடித்து வைக்கிறார்.

'சஜஸ்ட்' என்ற பதிவைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சீனத்தில் அதற்கு 'ஜியான்யீ', பரிந்துரை. சொல் சரி, பொருளும் சரி. ஆனால் மாணவர் எழுதுவது 'ப்ளீஸ் சஜஸ்ட் மீ எ குட் டிக்ஷனரி'. அகராதி அந்த இடத்தில் ஒரு எச்சரிக்கைக் குறிப்பு வைத்திருக்கிறது. ஒருவரை, ஒரு பொருளை என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்து இந்த வினையைப் பயன்படுத்த முடியாது என்று சொல்லி, தவறான வாக்கியத்தை அடித்தே காட்டுகிறது. அடிபட்ட அந்த வாக்கியமும் நல்ல அகராதி ஒன்றைப் பரிந்துரைக்கச் சொல்வதுதான்! சொல்பட்டியல் எதிலும் இந்த விஷயம் கிடைக்காது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குறிப்பு சீனர்களுக்கு மட்டுமானதல்ல. நம் ஊர் வாட்ஸ்ஆப் குழுக்களில் தினமும் யாராவது ஒருவர் 'சஜஸ்ட் மீ எ குட் டாக்டர்' என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

எண்ணக்கூடிய பெயர், எண்ண முடியாத பெயர் என்று சதுர அடைப்புக்குள் சி, யூ என ஓர் எழுத்து போட்டிருப்பார்கள். பலர் கண்ணில் அது படுவதே இல்லை. சீனத்தில் பெயர்ச்சொல் பன்மைக்காக மாறுவதில்லை. எதை எண்ணினாலும் நடுவில் ஒரு அளவுச்சொல் வேண்டும்: காகிதத்துக்கு ஒன்று, நாற்காலிக்கு ஒன்று, நீளமானதற்கு ஒன்று. அதனால் 'அட்வைஸ்' எண்ண முடியாதது என்று இலக்கணமாகச் சொன்னால் விழிப்பார்கள். 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று காட்டி, 'யீ தியாவ் ஜியான்யீ' மாதிரி என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், அளவுச்சொல்லில் அவர்கள் பிறவி நிபுணர்கள். இந்த விஷயத்தில் அவர்களைவிட நாம்தான் மோசம். 'எக்விப்மென்ட்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' என்று கூச்சமே இல்லாமல் எழுதுகிறோம்.

சொல்லின் வாடையைக் காட்டும் குறிகளும் உண்டு. சீனத்தின் 'ஷுவான்சுவான்' என்ற சொல் ஒரு பொருளை விளம்பரப்படுத்துவதற்கும் அரசுப் பிரசாரத்துக்கும் பொது. அதில் கெட்ட வாடை எதுவும் கட்டாயமில்லை. கடைத் திறப்பு விழாவுக்கான துண்டுப்பிரசுரத்தை 'ப்ராபகாண்டா' என்று ஒருவர் மேலாளருக்கு எழுதினால் சிரிப்பு வரும் அல்லது புருவம் உயரும். அந்தப் பதிவில் இது பெரும்பாலும் கண்டனத் தொனியில் வரும் சொல் என்று குறி போட்டிருக்கிறது. ஓரிரண்டு சொற்கள்தான். அவசரமாகப் பார்த்தால் தவறிவிடும்.

உறவுச்சொற்களில் மட்டும் எனக்கும் மாணவர்களுக்கும் ஒரே கட்சி. 'கசின்' என்ற ஒற்றைச் சொல்லுக்குச் சீனம் எழுத இடம் போதாமல் அடைப்புக்குறிகளுக்குள் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று அடுக்கியிருப்பார்கள், அதுவும் இரண்டு வகையாக. அப்பாவின் சகோதரர் பிள்ளைகள் 'தாங்', மற்றவர்கள் எல்லாம் 'பியாவ்'. சித்தி பிள்ளையும் மாமன் பிள்ளையும் ஒரே பெட்டியில் விழுவதைப் பார்த்து நமக்குக் கொஞ்சம் திக்கென்று இருக்கும். ஆனால் 'பிரதர்' என்றதும் மூத்தவரா இளையவரா என்று கேட்கத் தோன்றுவது இரண்டு பேருக்கும் பொது.

இவ்வளவு நுணுக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் இந்த அகராதியின் பூர்வீகம் தெரிந்தது. ஏ.எஸ். ஹார்ன்பி 1924-இல் ஆங்கிலம் கற்பிக்க ஜப்பானுக்குப் போனவர். கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இருவரோடு சேர்ந்து அவர் தொகுத்த கற்போர் அகராதி, போர் நடந்துகொண்டிருந்த 1942-இல் டோக்கியோவில் கைதாகுஷா பதிப்பகத்தில் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்து வெளியிட்டது 1948-இல். வகுப்பில் உட்கார்ந்திருந்த ஆசிய மாணவர் எங்கே வழுக்குகிறார் என்று பார்த்துப் பார்த்துச் செய்த புத்தகம் இது. வினைச்சொல் எந்தச் சட்டகத்தில் வரும் என்பதில் அதற்கு இருக்கும் பிடிவாதம் அங்கேயே தொடங்கியது. சீனாவில் நூற்றாண்டு கண்ட கமர்ஷியல் பிரஸ் பதிப்பகம் 1997-இல் நான்காம் பதிப்பை வெளியிட்டது. பிறகு புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன.

குறை என்றால், இது ஆங்கிலத்திலிருந்து சீனத்துக்குப் போகும் ஒருவழிப் பாதை. இந்த வகை அகராதி எதற்கும் உள்ள வரம்புதான். மாணவரின் தவறோ எதிர்த்திசையில் பிறக்கிறது. முப்பத்தைந்து வயதுக்காரர் 'ஐ ப்ளேய்ட் வித் மை ஃப்ரெண்ட்ஸ் எஸ்டர்டே' என்கிறார். சீனத்தின் 'வான்' சும்மா சேர்ந்து ஊர்சுற்றுவதையும் குறிக்கும். 'ப்ளே' பதிவை முழுக்கப் படித்தாலும், பெரியவர்கள் விஷயத்தில் இதைப் பயன்படுத்தாதே என்று நேராகச் சொல்லும் வரி அவர் கண்ணில் படப்போவதில்லை. 'ஆர் யூ கன்வீனியன்ட் டுமாரோ' என்பதும் இதே குடும்பம். பெருமழையை 'பிக் ரெயின்' என்பார்கள், கடுந்தேநீரை 'திக் டீ' என்பார்கள்.

இதற்கு நான் கண்ட வழி, எழுதிய பிறகு தேடுவது. எழுதி முடித்த வாக்கியத்தில் சந்தேகமான பெயர்ச்சொல்லை எடுத்து அகராதியில் பார்க்கச் சொல்வேன். 'ரெயின்' பதிவில் எந்தப் பெயரடைகள் கூட வருகின்றன என்று சாய்கோடு போட்டு வரிசையாகக் காட்டியிருப்பார்கள், 'ஹெவி' அங்கே இருக்கும், 'பிக்' இருக்காது. தெரியாத சொல்லைத் தேடத்தான் அகராதி என்ற எண்ணத்தை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தெரிந்த சொற்களில்தானே அத்தனை விபத்தும் நடக்கிறது.

செயலிகளைப் பற்றிக் கேட்பீர்கள். என் மாணவர்களில் ஏறக்குறைய எல்லோர் கைபேசியிலும் ஏதோ ஒரு சீனச் சொல் செயலி உண்டு. எழுத்தின் மேல் வைத்து இழுத்தால் மொழிபெயர்க்கும் பேனாகூடச் சிலரிடம் இருக்கிறது. உச்சரிப்பைக் கேட்க, பேருந்தில் பழைய சொல்லைத் திருப்பிப் பார்க்க இவற்றை அடித்துக்கொள்ள ஆளில்லை. தொல்லை உதாரண வாக்கியங்களில். பெயர் வேண்டாம், ஒரு இலவசச் செயலியில் இணையத்திலிருந்து அள்ளிய வாக்கியங்களைப் போட்டிருந்தார்கள். அவற்றில் பல சீனத்திலிருந்து யாரோ அரைகுறையாக மொழிபெயர்த்தவை என்று பார்த்தாலே தெரியும். 'லேர்ன் நாலெட்ஜ்' என்பதை ஒருவர் அங்கிருந்து ஆதாரமாகவே எடுத்து நீட்டினார். காசு கட்டினால் ஆக்ஸ்ஃபோர்டு உள்ளடக்கமே கிடைக்கும் செயலிகளும் உண்டு, அப்படியானால் தாராளமாகப் போங்கள். ஆனால் திரையில் முதலில் வருவது சீன வரிதான், சட்டகமும் குறிகளும் கீழே சுருண்டிருக்கும். சீன வரியை மறைக்க விரல் வைத்தால் திரை வேறெங்காவது ஓடிவிடும்.

அச்சுப் பிரதி கனம்தான், 2000 பக்கங்களுக்கு மேல். தாள் மெல்லியது, எழுத்து பொடி. நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடி இல்லாமல் உட்கார வேண்டாம்.

இப்போதுதான் ஆங்கிலம் தொடங்குகிறவருக்கு இது வேண்டாம், மிரண்டுவிடுவார். மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவருக்கு இது போதாது, அவர்களுக்கு ஃபூதான் பல்கலைக்கழகப் பேராசிரியர் லூ குசுன் தலைமையில் வந்த பெரிய ஆங்கிலம்-சீனம் அகராதிதான். நன்றாகத் தேறியவருக்கு நான் கோபில்டு என்ற ஆங்கில அகராதியைக் கையில் கொடுப்பேன். 1987-இல் வந்த அதன் முதல் பதிப்பிலிருந்தே விளக்கத்தை முழு வாக்கியமாகச் சொல்வது அதன் பாணி, படிக்கும்போதே பயன்பாடும் சேர்ந்து மனதில் ஏறும்.

வாங்குகிறவர்கள் எழுத்து வடிவத்தை மறக்காமல் பாருங்கள். சீனப் பெருநிலத்து மாணவர்களுக்கும் சிங்கப்பூரில் படித்தவர்களுக்கும் எளிய வடிவம், தைவான், ஹாங்காங்காரர்களுக்கு மரபு வடிவம், ஹாங்காங் ஆக்ஸ்ஃபோர்டு அதைத் தனியாகப் போடுகிறது. இங்கே பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் சீனப் புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். புதுச் சொற்கள் இருக்காது, அவ்வளவுதான். 'பாரோ'வும் 'சஜஸ்ட்'டும் அதிலும் ஒழுங்காகவே இருக்கும்.