என்ஐஎச் ரகசியக் காப்புச் சான்றிதழ்: எங்கே தாங்கும், எங்கே ஓட்டை

அமெரிக்காவில் போதைப்பொருள் எடுக்கும் தாய் தகப்பனிடம் ஆய்வு நடத்துபவர்களுக்கு, பங்கேற்பவரின் தகவல் நீதிமன்றத்துக்குப் போகாமல் காக்கும் என்ஐஎச் (அமெரிக்க அரசின் தேசிய சுகாதார ஆய்வு அமைப்பு) சான்றிதழைவிட வலுவான சட்டக் கவசம் கிடையாது. ஆனால் அதன் மிகப் பெரிய ஓட்டையும் இதே பெற்றோர் விஷயத்தில்தான் இருக்கிறது.

1970-ல் போதைப்பொருள் ஆய்வுக்கென்றே வந்த ஏற்பாடு இது. 1988-ல் மற்ற சுகாதார ஆய்வுகளுக்கும் விரிந்தது. அந்தக் காலத்தில் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்; கிடைத்தாலும், ஆய்வாளர் விரும்பினால் தகவல் தர மறுக்கலாம், அவ்வளவே. 2016 டிசம்பரில் வந்த சட்டத் திருத்தம் 'மறுக்கலாம்' என்பதைத் 'தரவே கூடாது' என்று மாற்றியது. என்ஐஎச் நிதியில் நடக்கும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய தகவல் சேகரிக்கும் ஆய்வுகளுக்கு 2017 அக்டோபர் 1 முதல் தானாகவே பொருந்தும். கையில் காகிதம் எதுவும் வராது, தேட வேண்டாம். நிதி நிபந்தனையிலேயே அடக்கம். மத்திய அரசு நிதி இல்லாதவர்கள் இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கில், தாய் ஆய்வுக்குக் கொடுத்த பேட்டியைக் கேட்டு எதிர்த்தரப்பு வக்கீல் சம்மன் அனுப்புகிறார் என்று வையுங்கள். தாய் சம்மதிக்காமல் பேட்டியைத் தர முடியாது, பெயரைக்கூடத் தர முடியாது. எப்படியோ கசிந்தாலும் சாட்சியமாக ஏற்கக் கூடாது. தகவலின் நகல் எங்கே போனாலும் காப்பு கூடவே போகும், காலவரையின்றி. சம்மனைக் கண்டதும் ஆய்வாளர் தானே பதில் எழுதாமல் நிறுவனத்தின் சட்டப் பிரிவிடம் கொடுப்பதே முறை. இந்த இடத்தில் முழு மதிப்பெண்.

இனி ஓட்டை. வழக்குக்கு வெளியே, சட்டப்படி கட்டாயமான அறிக்கைகளை இது தடுக்காது. குழந்தைக் கொடுமையைத் தெரிவிக்கும் கடமை அதில் ஒன்று. கர்ப்ப காலத்தில் போதைப்பொருள் எடுப்பதையே பல மாநிலங்களின் குழந்தை நலச் சட்டங்கள் அந்தக் கணக்கில் சேர்க்கின்றன. தாய்மார்களின் பயம் வெறும் கற்பனையும் அல்ல: தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளின் சிறுநீரைக் கொக்கேய்னுக்குச் சோதித்து, முடிவைப் போலீசுக்குக் கொடுத்தார்கள், சம்மதமில்லாத அந்தச் சோதனை அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2001-ல்தான் சொன்னது.

ஆகவே கேள்வித்தாளை எழுதும் முன்பே ஆய்வு நடக்கும் மாநிலத்தில் யார், எதைத் தெரிவிக்க வேண்டும் என்று பாருங்கள். ஆய்வுக்குத் தேவையில்லாத கேள்வியைக் கேட்காதீர்கள். சம்மதப் படிவத்தில் 'நீங்கள் சொல்வது எல்லாம் ரகசியம்' என்று மொட்டையாக எழுதுவது பெரிய தவறு. 'குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தெரிவிப்போம்' என்ற வரி, கையெழுத்துக்கு முன்னால், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

நிதிக் காலம் முடிந்த பிறகு புதிதாகச் சேர்ப்பவர்களுக்குப் பழைய காப்பு கிடையாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். புதிதாக விண்ணப்பித்துவிட்டே ஆள் சேர்க்க வேண்டும்.