ஈயக் குண்டை அளவாக்கி மசகிடும் முறைகள்: எதில் உருவம் கெடாது?

அச்சிலிருந்து விழும்போது துப்பாக்கிக்கான ஈயக் குண்டு நன்றாகத்தான் இருக்கும். அடி விளிம்பு கூராக, மசகைத் தாங்கும் காடிகள் நிறைந்து, மூக்கில் சுருக்கமில்லாமல். அதை டையில் (விட்டத்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் எஃகுத் துளையில்) அழுத்தி எடுத்த பிறகு ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். உடல் நேராக உருள, மூக்கு மட்டும் மேலும் கீழும் ஆடினால் வார்ப்பில் பட்ட பாடு அத்தனையும் வீண். எந்தக் கருவி வாங்கலாம் என்று யோசிப்பவர்கள் வேகத்தையும் விலையையும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: அந்தக் கருவி குண்டை எந்தப் பக்கத்தில் பிடித்துத் தள்ளுகிறது?

தூய ஈயத்தின் பிரினெல் கடினம் (உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் எண்) 5 அளவில்தான். 90% ஈயம், 5% வெள்ளீயம், 5% ஆன்டிமனி கலந்த லைமன் நம்பர் 2 கலவைகூட 15-ஐ ஒட்டித்தான் நிற்கும். இவ்வளவு மென்மையான உலோகத்தை எஃகுத் தண்டு அழுத்தினால், தண்டு படும் இடம் தண்டின் வடிவத்துக்கு வந்துவிடும். அதிலும் அடிப்பாகத்தில் வரும் கோணல்தான் மோசமானது. குழல் வாயை விட்டு வெளியேறும்போது வாயு கடைசியாகத் தள்ளுவது அந்த விளிம்பைத்தான். அது ஒரு பக்கம் மழுங்கியிருந்தால் குண்டு சாய்ந்துதான் கிளம்பும்.

முதலில் லூப்ரிசைசர், அதாவது அளவாக்குவதையும் மசகிடுவதையும் சேர்த்தே செய்யும் கருவி. லைமன் 4500, ஆர்சிபிஎஸ் லூப்-ஏ-மேட்டிக் எல்லாம் இந்த வகை. குண்டை நிமிர்த்தி வைத்து, மேலே உள்ள பஞ்ச் என்னும் தண்டு மூக்கை அழுத்தி டைக்குள் இறக்கும். அங்கே பக்கத் துளைகள் வழியாக மசகு மெழுகு காடிகளுக்குள் ஏறும். பிறகு அதே வழியில் குண்டு மேலே திரும்பி வரும். ஒரே இழுப்பில் அளவு, மசகு, கேஸ் செக் (குண்டின் அடியில் மாட்டும் மெல்லிய உலோகத் தொப்பி) பொருத்தல் மூன்றும் முடிவது பெரிய வசதி. ஆனால் விசை முழுவதும் மூக்கின் மேல். மேல் பஞ்சின் குழிவு மூக்குக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் மூக்கில் வளையத் தழும்பு விழும். பஞ்சும் டையும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் காடிகளுக்கு இடையிலுள்ள பட்டை ஒரு பக்கம் மட்டும் சீவப்படும். டையின் விளிம்பில் மெல்லிய ஈயச் சுருள் தெரிந்தால் அதுதான் அடையாளம்.

நானும் பொருந்தாத பஞ்சோடு ஒரு தொகுதி முழுவதையும் அழுத்தி, பாதியை மறுபடி உருக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு பஞ்சின் குழிவில் எப்பாக்சி நிரப்பி, அதே அச்சில் வார்த்த ஒரு குண்டின் மூக்கில் எண்ணெய் தடவி அதில் பதித்துக் கொண்டேன். இறுகியதும் அந்த மூக்குக்கென்றே செய்த பஞ்ச் கிடைத்துவிடும். லூப்ரிசைசரை வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

லூப்ரிசைசருக்கு நேர் எதிர், லீ வகைத் தள்ளு டை. தோட்டாக்களை மறுபடி நிரப்பப் பயன்படும் சாதாரண ரீலோடிங் பிரஸ்ஸில் திருகினால் போதும். குண்டின் அடி தட்டையான தண்டின் மேல் உட்கார, மூக்கு முன்னால் போய் மேல்வழியாக வெளியேறுகிறது. மூக்கை எதுவும் தொடுவதில்லை. தட்டையான அடி தட்டையான தண்டில் நிற்பதால் விசை பரவலாக விழுகிறது. கேஸ் செக்கும் நேராக அமரும். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை என்பதால் உரசலும் ஒரு தடவைதான். உருவம் கெடக்கூடாது என்பதே முதல் கவலை என்றால், என் ஓட்டு இதற்குத்தான். ஆயிரக்கணக்கில் செய்பவர்களுக்கு ஸ்டார் வகைக் கருவி இருக்கிறது: இதே மூக்கு முன்னான பாதை, கூடவே மசகும் ஏறிவிடும்.

தள்ளு டையில் மசகு தனி வேலை. லிக்விட் அலாக்ஸ் என்னும் திரவ மசகை மிக மெல்லியதாகப் புரட்டி, உலரவிட்டு, டையில் தள்ளி, மறுபடி ஒரு தடவை புரட்டினால் போதும். கைத்துப்பாக்கி வேகத்துக்கு இது தாராளம். அதிகமாக ஊற்றுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. பிசுபிசுப்பு தீராது, தூசியும் ஒட்டும்.

மென்மையான ஈயத்துக்கு நான் தட்டு முறையையே விரும்புகிறேன். குண்டுகளைத் தட்டில் நிறுத்தி, தேன்மெழுகுக் கலவையை உருக்கி மேல் காடி மூழ்கும் வரை ஊற்றி, ஆறியதும் கட்டியிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். குண்டின் மேல் எந்த அழுத்தமும் இல்லை. அப்புறம் தள்ளு டையில் விட்டால் வெளியே ஒட்டிய மெழுகு வழிக்கப்பட்டு, காடிக்குள் இருப்பது அப்படியே நிற்கும். நேரம் பிடிக்கும், உண்மைதான்.

பவுடர் கோட்டிங்கை, அதாவது பொடிப் பூச்சைப் பொறுத்தவரை: சுமார் 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சுட்டால் பூச்சு இறுகி, மெழுகே தேவையில்லாமல் போகும். புகையும் குறைவு. ஆனால் பூச்சு விட்டத்தைக் கூட்டும் என்பதால் அளவாக்குவது சுட்ட பிறகுதான். தண்ணீரில் போட்டுக் கடினமாக்கிய குண்டு அடுப்புச் சூட்டில் மென்மையாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு குண்டைச் சுத்தியலால் தட்டையாக்கிப் பாருங்கள். பூச்சு உதிர்ந்தால் வேகவில்லை. உணவு சமைக்கும் அடுப்பை இதற்குத் தொடவே கூடாது.

எந்த முறையானாலும் விட்டத்தைக் குறைக்கும் அளவுதான் சேதத்தைத் தீர்மானிக்கிறது. 0.001 அல்லது 0.002 அங்குலம் குறைத்தால் குண்டு தாங்கும். 0.004, 0.005 என்று ஒரே தள்ளில் குறைத்தால் காடிகள் நெருங்கி மசகுக்கு இடமில்லாமல் போகும், அடி விளிம்பில் பிசிறு கிளம்பும். தண்ணீரில் குளிர்வித்த குண்டு நாள் போகப் போக இறுகும் என்பதால், வார்த்த அன்றே அளவாக்கிவிடுங்கள். இறுகிய பிறகு டையில் தேய்த்தால் மேல்தோல் திரும்ப மென்மையாகும்.

டை வாங்குவதற்கு முன் குழலை அளந்து கொள்ளுங்கள். மென்மையான ஈயத் துண்டொன்றை எண்ணெயிட்ட குழலில் தள்ளி எடுத்து, மைக்ரோமீட்டரில் குழலின் உட்காடி விட்டத்தைப் பார்த்து, அதைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் கூடுதலான டையைத் தேர்ந்தெடுங்கள். குழலில் ஈயம் படிகிறது என்று மசகை மாற்றிக்கொண்டே இருப்பவர்களில் பலருக்குக் குறை மசகில் இல்லை, குண்டு சின்னதாக இருப்பதுதான். அச்சே சரியான விட்டத்தில் வார்க்கிறது என்றால் டையைத் தொடாமல், மசகு மட்டும் பூசித் துப்பாக்கியில் சுடுங்கள்.