மார்ட்டிங்கேல் கழுத்துப்பட்டை: எந்த நாய்க்குப் பொருந்தும்?

கிரேஹவுண்ட், விப்பெட், சலூகி மூன்றுக்கும் தலை ஒடுங்கியது. கழுத்து கிட்டத்தட்ட தலையளவு தடிமன். சாதாரணப் பட்டை போட்டால், நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். அதற்கென்றே வந்ததுதான் மார்ட்டிங்கேல். பெரிய வளையம் கழுத்தைச் சுற்றியிருக்கும். கையில் பிடிக்கும் கயிற்றை இழுத்தால் சின்ன வளையம் அதை ஓரளவுக்கு மட்டும் இறுக்கும்.

அளவெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பக்கிள் இல்லாத பட்டை தலை வழியாக நுழைய வேண்டும். அதனால் காதுகளுக்குச் சற்று முன்னால், தலையின் அகன்ற பகுதியையும் அளக்க வேண்டும். மாட்டியபின் இழுத்துப் பாருங்கள். பெரிய வளையத்தின் இரு முனைகளிலும் உள்ள உலோக வளையங்கள் ஒன்றையொன்று தொட்டால் பட்டை தளர்வு, இறுகாது, பயனில்லை. நடுவே இரண்டு விரல் இடைவெளி நிற்க வேண்டும்.

இந்த இனங்களுக்குத் தோல் மெல்லியது, முடியும் குட்டை. 4 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல், உள்பக்கம் மெத்துத் துணி வைத்ததை வாங்குங்கள். இரும்புச் சங்கிலி வைத்த பட்டை வேண்டவே வேண்டாம். கழுத்து முடி தேய்ந்துவிடும்.

சமோயெட், சௌ சௌ போன்ற அடர்முடி நாய்களுக்கு அகலப் பட்டை முடியைச் சிக்காக்கும். குழாய் போல் உருட்டித் தைத்த உருண்டைப் பட்டையே நல்லது. பக், புல்டாக் பக்கமே மார்ட்டிங்கேலைக் கொண்டுபோகாதீர்கள். சப்பை முகத்தால் ஏற்கெனவே மூச்சுக்குத் திணறுபவை, கண்ணும் பிதுங்கியது. கழுத்தில் அழுத்தமே ஆகாது, மார்புப் பட்டைதான் சரி.

உலாவி வந்ததும் கழற்றிவிடுங்கள். தொங்கும் வளையம் எதிலாவது மாட்டினால் கழுத்தை நெரித்துவிடும்.